ரத்தத்திலிருந்து மஞ்சள் கருவுக்கு

கொசுவின் முட்டையிலும் மஞ்சள் கரு உண்டு. கோழி முட்டையை உடைத்துப் பழகிய நமக்கு மஞ்சள் கரு என்றால் வெள்ளைக்கு நடுவே மிதக்கும் உருண்டைதான் நினைவுக்கு வரும். பூச்சி முட்டையில் அப்படித் தனி உருண்டை கிடையாது. புரதமும் கொழுப்புமான சின்னச் சின்ன மணிகள் முட்டைச் செல் முழுக்க அடைந்து கிடக்கும். வேலை என்னவோ ஒன்றுதான். தாயை விட்டுப் பிரிந்து, தண்ணீர்த் தொட்டியின் ஓரத்திலோ இலையின் அடியிலோ தனியாகக் கிடக்கப்போகிற கருவுக்கு அது கட்டுச்சோறு. வாயும் குடலும் உருவாகித் தானே இரை தேடும்வரை அதற்கு வேறு சாப்பாடு இல்லை.

அதைக் கட்டிக்கொடுப்பது யார்? முட்டையே தனக்கு வேண்டியதைத் தயாரித்துக்கொள்கிறது என்றுதான் முதலில் நினைக்கத் தோன்றும். சில விலங்குகளில் அதில் ஓரளவு உண்மையும் இருக்கிறது. கிரேஃபிஷ் என்னும் நன்னீர்ச் சிங்கியின் முட்டைச் செல், மஞ்சள் கருப் புரதத்தில் ஒரு பங்கைத் தனக்குள்ளேயே உண்டாக்குவதை 1960-களில் எலக்ட்ரான் நுண்ணோக்கியில் பார்த்திருக்கிறார்கள். ஆனால் பெரும்பாலான பூச்சிகளில் அந்தப் புரதம் உருவாகும் இடம் வேறு. வயிற்றுக்குள், தோலின் உட்புறத்தை ஒட்டி வெளிர் நிறத்தில் பரவிக் கிடக்கும் ஒரு திசு இருக்கிறது. கொழுப்பு உறுப்பு என்று பெயர். நம் கல்லீரல் செய்கிற பல வேலைகளைப் பூச்சியில் அதுதான் செய்கிறது. மஞ்சள் கருப் புரதம் அங்கே உருவாகி, ரத்தத்தில் கலந்து, மிதந்து, முட்டைக்கு வந்து சேர்கிறது. கோழியிலும் இதே ஏற்பாடுதான், அங்கே கல்லீரல். மண்ணில் வாழும் ஒரு மில்லிமீட்டர் நீளப் புழுவான சீனோராப்டைட்டிஸ் எலிகன்ஸில் அந்த வேலை குடலுக்கு.

இவ்வளவு கேட்டதும் உங்களுக்கு ஒரு கேள்வி எழ வேண்டும். பூச்சியின் ரத்தத்தில் எத்தனையோ புரதங்கள் மிதக்கின்றன. அவற்றுக்குள்ளிருந்து இது மட்டும் எப்படி முட்டைக்குள் போகிறது? அதுவும் சின்ன மூலக்கூறு இல்லை. கொழுப்பும் சர்க்கரையும் பாஸ்பேட்டும் ஒட்டிக்கொண்ட பெரிய உருப்படி. செல்லின் சவ்வில் உப்புக்கும் சர்க்கரைக்கும் இருக்கிற துளைகள் வழியாக அதனால் நுழையவே முடியாது. டீயைக் கையில் எடுத்துக்கொள்ளுங்கள். அந்தக் கேள்விக்குப் பதில் கிடைக்க ஏறத்தாழ நாற்பது ஆண்டுகள் ஆயின. அந்த வழியை அவசரப்படாமல் நடந்து பார்ப்பதுதான் நல்லது.

வட அமெரிக்காவில் செக்ரோபியா என்றொரு பட்டு அந்துப்பூச்சி உண்டு. இறக்கையை விரித்தால் உள்ளங்கையை மூடிவிடும். இறக்கை முளைத்த பிறகு அது எதுவும் சாப்பிடுவதில்லை. கம்பளிப்புழுவாக இருந்தபோது தின்று சேர்த்ததை வைத்தே அத்தனை முட்டைகளையும் உண்டாக்கியாக வேண்டும். கூட்டுப்புழுவும் பெரிது, அதன் ரத்தமும் நிறைய என்பதால் ஆராய்ச்சிக்கு வசதி. வில்லியம் டெல்ஃபர் இதன் ரத்தப் புரதங்களை ஒவ்வொன்றாக அடையாளம் காண முயல் உடம்பில் உண்டாக்கிய எதிர்ப்பொருள்களைப் பயன்படுத்தினார். அப்போது ஒரு புரதம் தனித்துத் தெரிந்தது. பெண்ணின் ரத்தத்தில் அது ஏராளம், ஆணின் ரத்தத்தில் பெயருக்குத்தான். முட்டை வளர வளர ரத்தத்தில் அது குறைந்துகொண்டே போனது. முட்டைக்குள் ஏறிக்கொண்டே வந்தது. இதை அவர் 1954-இல் எழுதினார்.

இதில் நான் திரும்பத் திரும்ப வியக்கும் இடம் ஒன்று இருக்கிறது. முட்டைக்குள் அந்தப் புரதத்தின் செறிவு ரத்தத்தில் இருப்பதைவிடப் பல மடங்கு கூடுதல். ரத்தம் தற்செயலாக உள்ளே கசிந்திருந்தால், உள்ளும் வெளியும் ஒரே அளவில் நின்றிருக்க வேண்டும். ரத்தத்தின் மற்றப் புரதங்களும் அதே விகிதத்தில் உள்ளே இருந்திருக்க வேண்டும். இரண்டும் நடக்கவில்லை. ஆகவே முட்டை தேர்ந்தெடுக்கிறது. தேர்ந்தெடுத்ததைச் சேர்த்தும் வைக்கிறது. எப்படி என்று அப்போது யாருக்கும் தெரியாது. ஆனால் இன்னதைத் தேட வேண்டும் என்பது தெளிவாகிவிட்டது. பின்னாளில், 1969-இல், பான், பெல் என்ற இருவரோடு சேர்ந்து டெல்ஃபர்தான் இந்தப் புரதம் கொழுப்பு உறுப்பில் உருவாகிறது என்று காட்டி, அதற்கு விட்டெல்லோஜெனின் என்று பெயரும் வைத்தார்.

நடுவில் 1964 வருகிறது. அதில்தான் கொசு வருகிறது.

ஏடிஸ் ஈஜிப்டி. டெங்குவைப் பரப்புகிற அதே கொசு. பெண் கொசு கூட்டுப்புழுவிலிருந்து வெளிவந்த சில நாட்களில் அதன் சினைப்பையில் முட்டைச் செல்கள் வரிசையாகத் தயாராகிவிடும். தயாராகி, அப்படியே நின்றுவிடும். ரத்தம் குடிக்காதவரை ஒன்றுகூட மேற்கொண்டு வளராது. குடித்துவிட்டால் எல்லாம் ஒரே நேரத்தில் கிளம்பும். ஏறத்தாழ மூன்று நாளில் நூறு முட்டை வரை இட்டுவிடும். ஆராய்பவருக்கு இதைவிட நல்ல ஏற்பாடு வேண்டியதில்லை. கொசு குடித்த நேரம் தெரியும். இத்தனாவது மணியில் முட்டைச் செல்லில் என்ன நடக்கிறது என்று நேரம் குறித்துப் பார்க்கலாம்.

ஹார்வர்டில் தாமஸ் ராத், கீத் போர்ட்டர் இருவரும் அதைத்தான் செய்தார்கள். ரத்தம் குடித்த கொசுக்களின் சினைப்பையைக் குறித்த நேரங்களில் எடுத்து, மெல்லிய சீவல்களாக வெட்டி, எலக்ட்ரான் நுண்ணோக்கியில் வைத்தார்கள். முட்டைச் செல்லின் மேற்பரப்பு முழுக்கச் சின்னச் சின்னக் குழிகள். ஒவ்வொன்றும் சுமார் 140 நானோமீட்டர், அதாவது ஒரு மில்லிமீட்டரை ஏழாயிரம் பங்கு போட்டால் கிடைக்கிற ஒரு பங்கு. ரத்தம் குடித்த 7 மணி நேரத்துக்குள் அந்தக் குழிகளின் எண்ணிக்கை 15 மடங்கு ஏறியிருந்தது.

குழியின் அமைப்பையும் அவர்கள் விடாமல் கவனித்தார்கள். வெளிப்பக்கத்தில், ரத்தத்தைத் தொடும் பக்கத்தில், புரதம் ஒரு படலமாக ஒட்டியிருந்தது. உள்பக்கத்தில் குச்சம் குச்சமாக முடி போன்ற ஒரு பூச்சு. சில சீவல்களில் குழி ஆழமில்லாமல் இருந்தது; சிலவற்றில் ஆழமாகி, கழுத்து குறுகியிருந்தது; சிலவற்றில் அறுபட்டு, மூடிய பையாகிச் செல்லுக்குள் நின்றது. இன்னும் உள்ளே, அந்தப் பைகள் மேற்பூச்சை இழந்து ஒன்றோடொன்று கலந்து சின்னத் துளிகளாகி, துளிகள் சேர்ந்து பெரிய மஞ்சள் கரு மணிகளாகி இருந்தன. உயிரற்ற சீவல்களை வரிசைப்படுத்தி வைத்தே இருவரும் ஓடுகிற நிகழ்வைப் படித்துவிட்டார்கள். புரதம் குழியின் பரப்பில் தேர்ந்து ஒட்டிக்கொள்கிறது, குழி உள்ளே பிதுங்கிப் பையாக அறுபடுகிறது என்று எழுதினார்கள். ஒட்டுகிற இடத்தில்தான் தேர்வு நடக்கிறது என்ற கருத்து அதில் இருக்கிறது. அதே கட்டுரையில் இந்தப் புரதம் கொசுவின் நடுக்குடலில் உருவாகலாம் என்றும் ஊகித்திருந்தார்கள். அது நிற்கவில்லை. 1970-களின் தொடக்கத்தில் ஹென்றி ஹேகடோர்னும் கூட இருந்தவர்களும் கொசுவிலும் அது கொழுப்பு உறுப்புதான் என்று காட்டினார்கள். குழிகளைப் பற்றிச் சொன்னது மட்டும் அப்படியே நின்றது.

அந்த முடி போன்ற பூச்சு என்ன? 1976-இல் கேம்பிரிட்ஜில் பார்பரா பியர்ஸ், பன்றியின் மூளையிலிருந்து இதே போன்ற பைகளைப் பிரித்தெடுத்து, பூச்சின் முக்கியப் புரதத்துக்குக் கிளாத்ரின் என்று பெயரிட்டார். மூன்று கால் கொண்ட மூலக்கூறு அது. கால்கள் ஒன்றோடொன்று பின்னி அறுகோணமும் ஐங்கோணமுமாகக் கூண்டு கட்டும். கூண்டு வளைய வளையச் சவ்வும் கூடவே வளைந்து குழியாகும். கழுத்தை நெரித்து அறுப்பது டைனமின் என்ற இன்னொரு புரதம். பழ ஈயில் ஒரு மரபு வகை உண்டு. அதன் டைனமின் சாதாரண வெப்பத்தில் ஒழுங்காக வேலை செய்யும், 29 டிகிரிக்கு ஏற்றினால் நின்றுவிடும். அந்த ஈயின் முட்டைச் செல்லைச் சூடாக்கிப் பார்த்தால் மேற்பரப்பு முழுக்கக் குழிகள் அறுபடாமல் அப்படியே நிற்கும். வெப்பத்தை இறக்கியதும் எல்லாம் ஒரே சமயத்தில் அறுந்து உள்ளே போகும். ராத்தும் போர்ட்டரும் சீவல்களைக் கோத்துப் புரிந்துகொண்ட வரிசையை இந்த ஈயில் ஒருவர் நிறுத்தியும் ஓட்டியும் பார்க்க முடிந்தது.

குழி எப்படி வளைகிறது என்பதற்கு இது பதில். தேர்வு யார் செய்கிறார்கள் என்பது பாக்கி இருக்கிறது. இந்த இடத்தில் கதை எதிர்பாராத திசையில், அமெரிக்காவின் டல்லஸ் நகருக்குத் திரும்புகிறது.

அங்கே மைக்கேல் பிரவுன், ஜோசஃப் கோல்ட்ஸ்டீன் என்ற இரண்டு மருத்துவர்கள் சின்ன வயதிலேயே மாரடைப்பு வருகிற ஒரு பரம்பரை நோயைப் பற்றி ஆராய்ந்துகொண்டிருந்தார்கள். அந்த நோயாளிகளின் ரத்தத்தில் கெட்ட கொலஸ்டிரால் என்று நாம் சொல்கிற எல்டிஎல் மலைபோல் ஏறியிருக்கும். காரணம், எல்டிஎல் துகளைப் பிடித்து உள்ளே இழுக்கிற ஏற்பிப் புரதம் அவர்களுடைய செல்களில் குறைபட்டிருந்தது. நல்ல செல்களில் அந்த ஏற்பிகள் சவ்வின் எந்தப் பகுதியில் கூடியிருக்கின்றன என்று நுண்ணோக்கியில் பார்த்தபோது, கொசு முட்டையில் கண்ட அதே பூச்சுக் குழிகளில்! துகளை உள்ளே கொண்டுவிட்டு ஏற்பி மறுபடி மேற்பரப்புக்கு வந்துவிடும். ஒரு சுற்றுக்கு ஏறத்தாழ 10 நிமிடம். இந்த வேலைக்காக 1985-இல் இருவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது.

இதைக் குழிகளின் ஒற்றுமையோடு நிறுத்திவிடக் கூடாது. பழ ஈயில் ‘யோக்லெஸ்’ என்ற மரபணு பழுதானால் பெண் ஈ இடும் முட்டையில் மஞ்சள் கருப் புரதம் ஏறாது. ரத்தத்தில் அந்தப் புரதம் இருக்கும், முட்டை எடுக்காது. 1995-இல் அந்த மரபணுவைப் பிரித்துப் படித்தபோது, அது உண்டாக்குவது எல்டிஎல் ஏற்பியின் குடும்பத்தைச் சேர்ந்த ஓர் ஏற்பி என்று தெரிந்தது. அடுத்த ஆண்டு கொசுவின் ஏற்பியும் அதே குடும்பம் என்று உறுதியானது. 1999-இல் சீனோராப்டைட்டிஸ் எலிகன்ஸ் புழுவுக்கும் அதேதான். அங்கே மஞ்சள் கருப் புரதத்தோடு ஒளிரும் பச்சைப் புரதத்தை ஒட்டவைத்து, உயிரோடிருக்கும் புழுவின் முட்டைகளில் அது ஏறுவதையே பார்த்தார்கள். ஏற்பி பழுதான புழுவில் பச்சை ஒளி முட்டைக்குள் போகாமல் உடல் குழியில் தேங்கி நின்றது. ஏற்பியோடு உறவு முடியவில்லை. விட்டெல்லோஜெனினும், எல்டிஎல் துகளைச் சுற்றியிருக்கும் பெரிய புரதமும்கூட ஒரே பழைய மூதாதைப் புரதத்திலிருந்து பிரிந்தவைதான். நம் கல்லீரல் ரத்தத்திலிருந்து கொழுப்பை வாங்குகிற முறையும் கொசுவின் முட்டை கட்டுச்சோற்றை வாங்குகிற முறையும் ஒரே குடும்பத்து வேலை. கொலஸ்டிரால் மாத்திரை போடுகிறவர்களில் பலருக்கு உடம்பில் அந்த ஏற்பிகளின் எண்ணிக்கையைக் கூட்டுவதன் மூலம்தான் மருந்து பலன் தருகிறது.

உள்ளே போன பிறகு நடப்பதும் பேச வேண்டிய விஷயம். சாதாரணமாக ஒரு செல் வெளியிலிருந்து எதையாவது இப்படி விழுங்கினால், அதைச் செரிப்பதற்காகத்தான் விழுங்கும். பைக்குள் அமிலம் ஏறும், நொதிகள் வரும், புரதம் துண்டாகும். முட்டைச் செல் அப்படிச் செய்துவிட்டால் கரு வளரும் நாளில் மிச்சம் இருக்காது. அதனால் இங்கே ஏற்பாடு வேறு. பைக்குள் அமிலம் கொஞ்சம் ஏறும். ஏற்பியின் பிடி தளர்ந்து விட்டெல்லோஜெனின் கழன்றுகொள்ளும் அளவுக்கு மட்டும். ஏற்பி பிரிந்து மேற்பரப்புக்குத் திரும்பிவிடும். புரதம் நெருங்கி அடர்ந்து, கொசுவில் படிகமாகவே இறுகி, மணிக்குள் உட்கார்ந்துகொள்ளும். செரிப்பது பிறகு.

பிறகு செரிக்க நொதி வேண்டுமே? 1991-இல் அலெக்ஸாண்டர் ரைக்கலின் ஆய்வகம் இதற்கு ஒரு விடை தந்தது. கொசுவின் கொழுப்பு உறுப்பு, மஞ்சள் கருப் புரதத்தோடு கூடவே ஒரு புரதச் சிதைப்பு நொதியையும் செயலற்ற வடிவில் ரத்தத்தில் விடுகிறது. அதையும் முட்டை எடுத்து அதே மணிகளில் வைத்துக்கொள்கிறது. கரு வளரத் தொடங்கிய பிறகுதான் நொதி விழித்து வேலையைத் தொடங்கும். பின்னால் இதே வகையில் இன்னொரு நொதியும் கண்டுபிடிக்கப்பட்டது. உணவைக் கட்டும்போதே அதைப் பிரித்துக் கொடுக்க வேண்டியதையும் தாய் சேர்த்துக் கட்டிவிடுகிறாள். இந்த முழு ஏற்பாட்டில் எனக்கு மிகப் பிடித்த பகுதி இதுதான்.

இன்னொரு தடையைச் சொல்லாமல் வந்துவிட்டேன். பூச்சியின் முட்டைச் செல் ரத்தத்தை நேரடியாகத் தொட்டுக்கொண்டிருப்பதில்லை. அதைச் சுற்றி ஃபாலிக்கிள் செல்கள் ஓர் உறையாக நெருங்கி நிற்கும். விட்டெல்லோஜெனின் அவற்றுக்குள் புகுந்து வருவதில்லை. அவற்றுக்கு இடையே வருகிறது. சாகாஸ் நோயைப் பரப்பும், ரத்தம் குடிக்கும் தென் அமெரிக்கப் பூச்சியான ரோட்னியஸில் இதைக் கென்னத் டேவியும் அவரோடு இருந்தவர்களும் விரிவாக ஆராய்ந்தார்கள். இளம் பருவ ஹார்மோன் ரத்தத்தில் வரும்போது ஃபாலிக்கிள் செல்கள் சுருங்குகின்றன. நடுவே சந்துகள் திறக்கின்றன. புரதம் முட்டையின் மேற்பரப்பு வரை போகிறது. வேலை முடிந்ததும் சந்துகள் அடைபடும். பின்பு அதே செல்கள் முட்டை ஓட்டைக் கட்டத் தொடங்கும். கொசுவில் ஹார்மோன்களின் வரிசை சற்று நீளம். ரத்தம் குடித்ததும் மூளையிலிருந்து ஒரு சமிக்ஞை சினைப்பைக்குப் போகும். சினைப்பை எக்டைசோனை விடும். புழுப் பருவத்தில் தோலுரிக்க வைத்த அதே ஹார்மோன். அது கொழுப்பு உறுப்பில் விட்டெல்லோஜெனின் தயாரிப்பை முடுக்கும். ஒரு நாளில் தயாரிப்பு உச்சத்துக்குப் போய், ஒன்றரை நாளில் ஓய்ந்துவிடும்.

இவ்வளவு கவனமாகத் தேர்ந்தெடுக்கிற முட்டையை ஏமாற்றவும் வழி இருக்கிறது. கிழக்கு ஆசியாவில் நெல்லைத் தாக்கும் நெல் வரி வைரஸைச் சிறு பழுப்புத் தத்துப்பூச்சி பரப்புகிறது. தாயிடமிருந்து முட்டை வழியாகவே அடுத்த தலைமுறைக்கும் அது போய்விடும். பூச்சி பிறக்கும்போதே நோய் சுமந்து பிறக்கிறது. எப்படி என்பதைச் சீன ஆய்வாளர்கள் 2014-இல் காட்டினார்கள். வைரஸின் மரபுப்பொருளைச் சுற்றியிருக்கும் புரதம் விட்டெல்லோஜெனினோடு ஒட்டிக்கொள்கிறது. ஏற்பி விட்டெல்லோஜெனினைப் பிடித்து இழுக்கும்போது வைரஸும் சேர்ந்து முட்டைக்குள் போய்விடுகிறது. நெல் விளைவிக்கிறவருக்கு இது சின்ன விஷயம் இல்லை. வயலில் ஒரு தலைமுறைப் பூச்சியை ஒழித்தாலும் நோய் முட்டைக்குள் பத்திரமாக இருக்கும்.

நம் பக்கத்தில் இந்த விஷயத்தைத் தினமும் கையாளுகிறவர்கள் இறால் ஹேச்சரிக்காரர்கள். மரக்காணம் பக்கமும் சென்னைக்குத் தெற்கே கடலோரத்திலும் அந்தத் தொழில் நடக்கிறது. தாய் இறாலின் ஒரு கண்ணை நறுக்குவது அங்கே பழகிப்போன வேலை. காரணம் கண் பார்வையில் இல்லை, கண் காம்பில். காம்புக்குள் இருக்கும் ஒரு சுரப்பிக் கூட்டம், மஞ்சள் கருப் புரதம் உருவாவதைத் தடுக்கும் ஹார்மோனை விட்டுக்கொண்டே இருக்கிறது. தொட்டியில் அடைபட்ட இறாலில் அந்தத் தடை எளிதில் விலகாது. காம்பை எடுத்துவிட்டால் ஹார்மோன் குறையும், சினைப்பை சில நாட்களில் நிரம்பும். முதுகு ஓட்டுக்கு அடியில் அது கருத்துத் தடித்து வருவதை விளக்கு பிடித்துப் பார்த்தே சொல்லிவிடுவார்கள். கண் காம்பை எடுத்தால் சினைப்பை வளர்கிறது என்பதை முதலில் கண்டவர் பிரான்ஸில் பனூஸ், 1943-இல். இறாலில் விட்டெல்லோஜெனின் சினைப்பையிலும் கணையக் கல்லீரலிலும் உருவாகிறது. கணையக் கல்லீரலில் உருவானது ரத்தம் வழியாக வந்து அதே வகை ஏற்பியால் முட்டைக்குள் சேர்கிறது. சென்னைப் பல்கலைக்கழகத்தில் டி. சுப்பிரமணியம் பல ஆண்டுகள் இந்தத் துறையில் வேலை செய்தார். கடற்கரையில் அலை வந்து திரும்பும் ஈர மணலுக்குள் புதைந்து வாழும் எமெரிட்டா என்ற சின்ன நண்டின் மஞ்சள் கருப் புரதங்களை அவர் ஆராய்ந்ததை உலகத்தில் இத்துறை படிக்கிறவர்கள் அறிவார்கள்.

கண் காம்பு நறுக்குவதைப் பற்றி என் கருத்தைச் சொல்கிறேன். தடையை எடுத்தால் சினைப்பை வேகமாக நிரம்பும். ஆனால் நிரம்புவதற்கான சரக்கு தாயின் உடம்பிலிருந்துதான் வர வேண்டும். அடுத்தடுத்து முட்டை இடவைத்தால் தாய் இளைக்கும், முட்டையின் தரம் இறங்கும். அதனால்தான் தாய் இறாலுக்குக் கணவாயும் கடல் புழுவும் கொடுத்து வளர்க்கிறார்கள். முட்டையில் ஏறும் கொழுப்புக்கும் நிறத்துக்கும் அது தேவை. இறால் முட்டை தண்ணீரில் விழுந்து ஒரு நாளுக்குள் பொரித்துவிடும். வெளிவரும் நாப்ளியஸ் என்ற குஞ்சு எதையும் தின்னாது. ஆறு முறை உருமாறும் வரை, ஏறத்தாழ இரண்டு நாள், தாய் கட்டிக்கொடுத்ததிலேயே ஓட்டும். அதற்குப் பிறகு வரும் சோயியா பருவத்தில்தான் முதல் தீனியாகப் பாசி போடுவார்கள். நாப்ளியஸில் எத்தனை சோயியாவாக மாறின என்று ஹேச்சரியில் எண்ணுவார்கள். அந்த எண்ணிக்கை குறைந்தால் தண்ணீரைச் சோதிப்பதோடு நிறுத்தாமல், தாய்க்குப் போன மாதம் என்ன தீனி போட்டோம் என்றும் கேட்க வேண்டும்.